ஒரு நொடியை விழுங்கும் கடிகாரம்

என் தொலைநோக்கியின் தாங்கியில் அளவு பொறித்த இரண்டு வட்டத் தகடுகள் இருக்கின்றன. ஒன்று நடுவரை விலக்கத்துக்கு, அதாவது விண்மீன் வான நடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதற்கு. இன்னொன்று மணிக்கோணத்துக்கு: தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும் உச்சிக்கோட்டை அந்த விண்மீன் தாண்டி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. முதல் தகட்டைப் பட்டியலைப் பார்த்து அப்படியே திருப்பி வைத்துவிடலாம். இரண்டாவதற்கு ஒரு கழித்தல் வேண்டும். இப்போதைய விண்மீன் நேரத்திலிருந்து அந்த விண்மீனின் வல ஏற்றத்தை, அதாவது வானத்தில் கிழக்கு மேற்காக அது இருக்கும் இடத்தை மணிக் கணக்கில் சொல்லும் எண்ணை, கழித்தால் மணிக்கோணம். வல ஏற்றம் பட்டியலிலேயே இருக்கிறது. விண்மீன் நேரம்தான் எந்தக் கைக்கடிகாரத்திலும் இல்லை. இருட்டில் கைபேசியைத் திறந்து, கணக்குப் போட்டு, கண் கூசி, மறுபடி இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் காத்திருந்து... நாலைந்து இரவுகள் இப்படிப் போன பிறகு, சரி, நாமே ஒன்று செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

நினைத்தது எளிமையானது. ஒரே திரை. மேலே வழக்கமான கடிகார நேரம், அதன் கீழே விண்மீன் நேரம், மீதி இடம் முழுவதும் இந்த நொடியில் தலைக்கு மேல் இருக்கும் வானத்தின் வட்டப் படம். ஒரு வார இறுதி வேலை என்று கணக்குப் போட்டேன். ஏழு வாரம் ஆனது.

விண்மீன் நேரம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பூமி விண்மீன்களைப் பொறுத்துத் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. ஆனால் அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியன் மறுபடி உச்சிக்கோட்டுக்கு வர இன்னும் நாலு நிமிடம் போலத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த நீண்ட நாளைத்தான் நாம் 24 மணி என்கிறோம். விண்மீன் கடிகாரம் குறுகிய நாளை 24 ஆகப் பங்கிடுகிறது. ஆகவே அது தினமும் 3 நிமிடம் 56 நொடி முந்திப் போகும். பழைய அளவில் சொன்னால் ஏறக்குறைய பத்து விநாழிகை.

முதலில் எடுத்தது ஒரு சின்ன எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு எல்சிடி, ஒரு நேர மாட்யூல். படத்தை அப்புறம் பார்ப்போம், நேரம் மட்டும் வரட்டும் என்று ஆரம்பித்தேன். கணக்கு ஒன்றும் கடினமில்லை. தேதியை ஜூலியன் நாளாக மாற்ற வேண்டும். அது மாதம், வருடம், லீப் வருடம் என்ற தொல்லை எதுவும் இல்லாமல் ஒரே ஓட்டமாக எண்ணிக்கொண்டு போகும் நாள் எண். 2000 ஜனவரி 1 நண்பகலில் அதன் மதிப்பு 2451545. அங்கிருந்து இன்றுவரை கடந்த நாட்களை 24.06570982441908 ஆல் பெருக்கி, 18.697374558 கூட்டி, 24 ஆல் வகுத்து மீதி எடுத்தால் கிரீன்விச்சின் விண்மீன் நேரம் மணிக் கணக்கில் வந்துவிடும். நம் இடத்தின் தீர்க்கரேகையை 15 ஆல் வகுத்து அதோடு கூட்டினால் நம் விண்மீன் நேரம்.

போர்டு ஓடியது, எண்ணும் வந்தது. ஆனால் நகரவில்லை. நொடி நகரவில்லை, நிமிடமும் நகரவில்லை. வயரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ஒரு மணி நேரம் சால்டர் வைத்த இடங்களையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எண் மாறியிருக்கிறது, ஒரேயடியாக ஆறு மணி நேரம் தாவி!

வயர் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தச் சில்லில் தசம எண்ணுக்குக் கிடைப்பது நாலு பைட். அதில் முழுதாக நிற்பது சுமார் ஏழு இலக்கம். ஜூலியன் நாளின் முழு எண்ணே ஏழு இலக்கம். அந்த அளவுள்ள எண்ணில் அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு மதிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கால் நாள். கால் நாள் என்றால் ஆறு மணி நேரம். கணக்கு சரி, அதைப் போட்டு வைத்த பாத்திரம்தான் சிறிது. சரி, 2451545ஐ முதலிலேயே கழித்துவிட்டுப் பெருக்கலாம் என்று பார்த்தேன். இப்போது ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான் மீதி. அதற்கும் இடைவெளி ஒரு நாளில் 1024இல் ஒரு பங்கு. 84 நொடிக்கு ஒருமுறை தாவியது. கடைசியில் முழு நாட்களை ஒரு முழு எண்ணாகவும், இன்றைய பொழுதை நொடிகளாகத் தனியாகவும் வைத்துப் பெருக்கி, 24ஐத் தாண்டிய பகுதியைத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்தேன். பிழை ஒரு நொடிக்குள் வந்துவிட்டது. அந்தப் போர்டு இன்னும் மேசையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வானப்படம் வரைய அதில் இடமில்லை என்பதால் திட்டம் பழைய டேப்லெட் ஒன்றுக்கு மாறியது: பிரவுசரில் ஒரே பக்கம், ஜாவாஸ்கிரிப்ட், இணையம் இல்லாமலே ஓடும்படி. அங்கே தசம எண்ணுக்கு எட்டு பைட். ஜூலியன் நாளை அப்படியே போட்டாலும் இடைவெளி மைக்ரோ நொடிகளில்தான், கவலையில்லை.

புதுச் சூத்திரம் எழுதினால் விடை தெரிந்த ஒரு தேதியைப் போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. வானியல் கணக்குப் போடுகிறவர்கள் பலர் சோதனைக்கு எடுக்கும் தேதி 1987 ஏப்ரல் 10, கிரீன்விச் 0 மணி. விடை 13 மணி 10 நிமிடம் 46.37 நொடி. என் திரையில் வந்தது: கழித்தல் 11:10:46.

நிமிடமும் நொடியும் அச்சு அசலாகச் சரி, மணி மட்டும் எங்கோ போய் நிற்கிறது. இரண்டு சின்ன விஷயங்கள் கைகோத்து செய்த வேலை இது. 1987 என்பது 2000க்கு முந்தையது, ஆகவே நாள் எண்ணிக்கை எதிர்மறை. எதிர்மறை எண்ணை 24 ஆல் வகுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் மீதியையும் எதிர்மறையாகவே தரும், வந்தது -10.82. அதை மணி நிமிடமாகப் பிரிக்க நான் கீழ்நோக்கி முழுமையாக்கும் கட்டளையைப் போட்டிருந்தேன். -10.82க்குக் கீழே உள்ள முழு எண் -11. மீதி 0.18 மணி, அதாவது 10 நிமிடம் 46 நொடி. 24இலிருந்து 11 போனால் 13. மீதி எடுத்தபின் ஒரு 24ஐக் கூட்டி, மறுபடி மீதி எடுத்தால் தீர்ந்தது. இன்றைய தேதியை மட்டும் போட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பிழை கண்ணிலேயே பட்டிருக்காது.

தீர்க்கரேகையின் குறி இன்னொரு குழி. கிழக்கைக் கூட்டல் என்று வைப்பது இன்று பெருவழக்கு. ஆனால் மேற்கைக் கூட்டலாக வைத்து எழுதிய சூத்திரங்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குறி மாறினால் பிழை டிகிரிக்கு நாலு நிமிடம் இல்லை, எட்டு நிமிடம். நான் விழவில்லை, விளிம்புவரை போய்விட்டு வந்தேன். வழக்கமான கடிகார நேரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நேர வலய வித்தியாசத்தைக் கையால் எழுதி வைக்காதீர்கள், கருவியையே கேளுங்கள், கோடைநேர மாற்றம் உள்ள இடங்களில் அது தானே பார்த்துக்கொள்ளும். டைமரின் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு நொடி கூட்டுவது என்றும் எழுதாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். திரை மங்கியதும் பிரவுசர் சோம்பல்பட்டு டிக்கைத் தாமதப்படுத்தியதில், காலையில் பார்த்தால் கடிகாரம் பின்தங்கிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் 'இப்போது மணி என்ன' என்று புதிதாகக் கேட்டு, அதிலிருந்து எல்லாவற்றையும் கணக்கிடுவதுதான் வழி.

அப்படி மாற்றிய அன்று சாயங்காலம்தான் அதைக் கவனித்தேன். நொடிக்கு ஒருமுறை திரை புதுப்பிக்கப்படுகிறது. மேலே 41, 42, 43. கீழே விண்மீன் நேரத்தில் 17, 18, 20. பத்தொன்பதைக் காணோம்.

கண் ஏமாற்றியிருக்கும் என்று காத்திருந்தேன். ஆறு நிமிடம் கழித்து மறுபடி ஒரு நொடி காணாமல் போனது. அப்புறம் இன்னொரு ஆறு நிமிடம். டைமரைச் சந்தேகித்தேன், முழுமையாக்கும் வரியைச் சந்தேகித்தேன், நள்ளிரவு வரை வரிக்கு வரி பிரித்து மேய்ந்தேன். பிறகு ஒரு தாளில், எந்தெந்த நேரத்தில் தாவுகிறது என்று குறித்து இடைவெளியை எடுத்துப் பார்த்தேன். 365 நொடி, 365, 365, 366, 365.

365! எழுந்து நின்றுவிட்டேன்.

பிழையே இல்லை அது. விண்மீன் நொடி நம் நொடியை விடக் கொஞ்சம் குட்டை, 0.99727 நொடி. நம் நொடி 365.24 ஓடும்போது அது 366.24 ஓடிவிடும். வருடத்துக்கு 365.24 பகல் என்றால், பூமி உண்மையில் சுற்றுவது 366.24 முறை, அந்த ஒரு சுற்றைச் சூரியனைச் சுற்றி வருவதிலேயே செலவழித்துவிடுகிறது என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் தலையில் இருந்தது, திரையில் அது ஒரு நொடியாக விழுங்கப்படும்போது அடையாளம் தெரியவில்லை.

அதன் பிறகு எண்களோடு இரண்டு முள் கடிகாரங்களையும் வரைந்தேன், ஒன்றின் மேல் ஒன்றாக, 24 மணி முகப்பு வைத்து. நம் நேரம் வெள்ளை முள், விண்மீன் நேரம் ஆரஞ்சு முள். ஆரஞ்சு நொடி முள் வெள்ளையை ஒவ்வொரு 365.24 நிமிடத்துக்கும் ஒருமுறை முந்தும். நிமிட முள் 365.24 மணிக்கு ஒருமுறை. மணி முள் 365.24 நாளுக்கு ஒருமுறை. ஒரே எண்தான், அலகு மட்டும் மாறுகிறது. நொடி முட்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும் தருணத்தை, வேலை நடுவே இருந்தால்கூட நிறுத்திப் பார்த்துவிடுகிறேன். இதில் ஒரு பயனும் இல்லைதான்.

ஊசல் கடிகாரக் காலத்தில் வானாய்வகங்கள் இதற்கென்றே தனிக் கடிகாரம் வைத்திருந்தன. நொடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசலின் நீளம் ஏறக்குறைய 994 மில்லிமீட்டர். அதில் ஐந்தரை மில்லிமீட்டர் குறைத்தால் அது விண்மீன் நொடியை அடிக்கும். நான் ஏழு வாரம் எழுதியதில் பாதியை அவர்கள் ஒரு திருகாணியில் முடித்திருக்கிறார்கள்.

இனி வானப்படம். விண்மீன்களுக்கு யேல் பொலிவு விண்மீன் பட்டியலை எடுத்தேன். வெறும் கண்ணுக்கு எட்டும் 6.5 ஒளி அளவு (எண் கூடினால் மங்கல்) வரையிலான 9,110 பதிவுகள். சின்னத் திரைக்கு அத்தனை வேண்டாம் என்று 4.5 ஓடு நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் மணிக்கோணத்திலிருந்து ஏற்றக்கோணமும் (தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம்) திசைக்கோணமும் (எந்தத் திசை) கணக்கிட்டு, உச்சி நடுவில், தொடுவானம் விளிம்பில் என்று வட்டத்துக்குள் புள்ளி வைப்பதுதான் வேலை.

முதல் படம் வந்ததும் அழகாகத்தான் இருந்தது. அன்று இரவு தெற்கு நோக்கி நின்று ஒப்பிட்டால் விருச்சிகத்தின் வால் படத்தில் வலப்பக்கம் போகிறது, வானத்தில் இடப்பக்கம். முழு வானத்தையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி வரைந்திருக்கிறேன். தரைப்படத்தின் பழக்கம் இது: வடக்கு மேலே என்றால் கிழக்கு வலப்பக்கம். தரையை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், வானத்தைக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிறோம். ஆகவே வானப்படத்தில் வடக்கு மேலே என்றால் கிழக்கு இடப்பக்கம்தான் வரவேண்டும். ஒரே ஒரு கழித்தல் குறி. போட்டதும் சரியானது.

இன்னொரு வேடிக்கை, மீனத்தில். மங்கலான விண்மீன்கள் மட்டுமே உள்ள அந்தப் பகுதியில் பிரகாசமான அபிஜித் விண்மீனுக்கு நிகராக ஒரு பெரிய புள்ளி மின்னியது. பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. தேடிப் பார்த்ததில், அந்த 9,110 பதிவுகளில் 14 விண்மீன்களே அல்ல. எப்போதோ தோன்றி மங்கிய நோவாக்கள், விண்மீன் கொத்துகள் போன்றவை. வரிசை எண் குலையக் கூடாது என்று வரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், பெரும்பாலான கட்டங்கள் காலி. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் காலிக் கட்டத்தைக் கொடுத்து எண்ணாக்கச் சொன்னால் பூஜ்யம் என்று சாதிக்கும். வல ஏற்றம் பூஜ்யம், விலக்கம் பூஜ்யம், ஒளி அளவும் பூஜ்யம். ஒளி அளவில் எண் சிறிதாகச் சிறிதாகப் பிரகாசம் கூடும், ஆகவே வெற்றிடமெல்லாம் சேர்ந்து ஒரு முதல்தர விண்மீனாகிவிட்டது.

அந்தப் பேய்ப் புள்ளி போய் உட்கார்ந்த இடம்தான் சுவையானது. வல ஏற்றம் எங்கிருந்து எண்ணப்படுகிறதோ அந்த மேஷ முதற்புள்ளி அது. (பெயர் மேஷம், ஆனால் பூமியின் அச்சு மெல்லச் சுழன்றாடுவதால் புள்ளி எப்போதோ மீனத்துக்கு நகர்ந்துவிட்டது.) விண்மீன் நேரம் என்பதே அந்தப் புள்ளியின் மணிக்கோணம்தான். அது உச்சிக்கோட்டைத் தொடும்போது விண்மீன் நேரம் 0. ஆக என் பிழை, விண்மீன் கடிகாரத்தின் முள் நுனியைப் படத்தில் தானாகவே வரைந்து காட்டியிருக்கிறது. புள்ளியை அழித்துவிட்டு அதே இடத்தில் ஒரு மெல்லிய ஆரஞ்சுச் சிலுவை வைத்தேன். அதற்கு மட்டும் நான் உழைக்கவில்லை.

வட்டத்துக்குள் எப்படி விரிப்பது என்பதில் இரண்டு முறை மனம் மாறியது. உச்சியிலிருந்து எத்தனை டிகிரியோ அந்த விகிதத்திலேயே தூரம் வைப்பது எளிது, ஆனால் தொடுவானத்தை ஒட்டிய உருவங்கள் பக்கவாட்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் பிதுங்கிவிடும். உச்சித் தூரத்தின் பாதிக்கு டேஞ்சன்ட் எடுக்கும் ஸ்டீரியோகிராஃபிக் முறையில் அளவு கூடும், வடிவம் குலையாது. அந்தக் காலத்து வானியல் கருவியான அஸ்ட்ரோலேப்பின் தகடுகளில் வானத்தை வரைந்ததும் இதே முறையில்தான். உதிக்கும் விண்மீன் குழுவை அடையாளம் காண்பதுதான் எனக்கு முக்கியம் என்பதால் அதையே வைத்துக்கொண்டேன். புள்ளியின் அளவை உண்மைப் பிரகாசத்துக்கு நேர் விகிதமாக வைக்க முயன்றது படுதோல்வி. ஐந்து ஒளி அளவுக்கு நூறு மடங்கு வித்தியாசம், மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ் பூசணிக்காய் மாதிரி வந்து நின்றது. ஒளி அளவு ஒன்று கூடினால் ஆரம் கொஞ்சம் குறையட்டும் என்று நேர்கோடாக்கியதும் கண்ணுக்குப் பொருந்தியது.

எல்லாம் ஆனதும், ஒவ்வொரு பெரிய விண்மீனும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை ஓரத்தில் காட்டினேன். நம்பகமான வேறொரு மென்பொருளோடு ஒப்பிட்டால் சித்திரை விண்மீனுக்கு 80 நொடி வித்தியாசம். மற்றவற்றுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. விண்மீன் நேரம் சரி, தீர்க்கரேகை சரி. பட்டியலின் இடங்கள்தான் பழையவை, 2000ஆம் ஆண்டு தொடக்கத்துக்குக் குறித்தவை. பூமி அச்சின் அந்தச் சுழன்றாட்டம், அதாவது அயனச் சலனம், வருடத்துக்கு 50 விகலை (டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) என்ற கணக்கில் மேஷ முதற்புள்ளியை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. வல ஏற்றத்தில் அது சராசரியாக வருடம் மூன்று நொடி, கால் நூற்றாண்டில் ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல். படத்தில் இது ஒன்றிரண்டு பிக்சல், யாருக்கும் தெரியாது. நொடி காட்டும் கடிகாரத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. பக்கம் திறக்கும்போது ஒருமுறை எல்லா விண்மீன்களையும் இன்றைய தேதிக்கு நகர்த்தும் சிறு பகுதி எழுதிச் சேர்த்தேன்.

லீப் நொடியை விட்டுவிட்டேன். பூமியின் சுழற்சி நேரமும் உலகப் பொது நேரமான யுடிசியும் 0.9 நொடிக்கு மேல் விலகாமல் இருக்கத்தான் 1972 முதல் 27 லீப் நொடிகள் சேர்த்தார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31இல். ஒரு நொடிக்குள் உள்ள அந்த விலகல் தொலைநோக்கித் தகட்டில் ஒரு கோட்டின் தடிமன்கூட இல்லை. இரவில் பார்க்கத் திரை முழுவதையும் சிவப்பாக்கும் ஒரு பொத்தான் வைத்தேன், அவ்வளவுதான்.

கணினியை இன்னொரு கணினியோடு ஒப்பிட்டுத் திருப்திப்படுவது போதவில்லை. ஜூலைக் கடைசியில் மேற்குப் பக்கச் சுவரின் நிமிர்ந்த விளிம்பைக் குறிவைத்து, கன்னத்தை ஒரு தூணில் ஒரே இடத்தில் அழுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவாதி விண்மீன் அந்த விளிம்பில் மறையும் நொடியைக் குறித்தேன். தொலைநோக்கி இல்லை, வெறும் கண். முதல் நாள் 21:14:20. மறுநாள் 21:10:25. மூன்றாம் நாள் மேகம். நான்காம் நாள் கணக்குப்படி 21:02:32 வரவேண்டும், மறைந்தது 21:02:33க்கு. நோட்டில் பக்கத்துக் கட்டத்தில் விண்மீன் நேரத்தையும் எழுதிவைத்திருந்தேன்: 17:41:08, 17:41:09, ஒரு கோடு, 17:41:09.